முப்பத்தொன்றாம் எண் வீடு

அப்பாவின் முகவரியைத் தவறாக எழுதியது நான். அம்மா சொல்லித்தான் எழுதினேன் என்றாலும் எழுதிய கை என்னுடையது. கதவு எண்ணைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பீர்க்கன்கரணையில் ஏரியை ஒட்டிய காலனியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அப்பாவுக்குப் பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. அக்கா பி.எட். முடித்துவிட்டு ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்தினாள். நான் பாலிடெக்னிக்கில் கணினி டிப்ளமா முடித்து, தாம்பரத்தில் ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அக்காவுக்குக் குரோம்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, அவர்களுக்கும் பிடித்து, நாள் குறிப்பதற்கு முந்தைய நிலையில் பேச்சு நின்றிருந்தது.

அப்பாவுக்கு மூன்று மாதமாக இருமல். கடைத்தெரு டாக்டர் முதலில் மருந்துத் தண்ணீர் கொடுத்தார், பிறகு வேறு மருந்துத் தண்ணீர் கொடுத்தார், கடைசியில் சளியைப் பரிசோதிக்கச் சொன்னார். காசநோய் என்று தெரிந்தது.

அம்மா அந்தச் சொல்லை வீட்டுக்குள் சொல்லவே இல்லை. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரே, அங்கிருந்த காசநோய் ஆஸ்பத்திரியை வைத்து, சானடோரியம் என்பதால், எங்கள் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே நோயைச் சொன்ன மாதிரி. அம்மா அதையும் தவிர்த்து 'அந்த ஸ்டேஷன்' என்பாள். "அந்த ஸ்டேஷன் வியாதின்னு வெளியில தெரிஞ்சா இந்த இடம் மட்டுமில்ல, எந்த இடமும் வராது" என்றாள். அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தன்னால் பெண்ணின் கல்யாணம் கெடும் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் அன்று கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் அப்பாவிடம் தொழிலாளர் காப்பீட்டு அட்டை இருந்தது. சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளியும் கொஞ்சம் போடுவார், உடம்புக்கு வந்தால் அதற்கென்று இருந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பதவி உயர்வு வந்து சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியதும் அந்த அட்டை செல்லாததாகிவிட்டது. அந்தப் பதவி உயர்வுக்கு அம்மா கேசரி செய்தாள். ஆகவே இப்போது அரசாங்கத்தின் இலவசக் காசநோய் மருந்தகம்தான் வழி. அப்பாவை நான் கூட்டிப்போனேன். வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவள் என்று பெயர் எடுத்தவள் நான்.

கிளம்பும்போது அம்மா வாசலில் என்னை நிறுத்தினாள்.

"அட்ரஸ மட்டும் மாத்திக் குடு. மாத்திர வாங்க வரலன்னா வூட்டுக்கே சைக்கிள்ல ஆள் வருவாங்களாம். தெருமுன பொட்டிக்கடைல நம்ம வீடு எதுன்னு கேப்பாங்க. வேற வினையே வேண்டாம்."

மருந்தகத்தில் எழுதுபவர் படிவத்தை என்னிடமே நீட்டினார். பெயரும் வயதும் உண்மை. முகவரியில், ஏரியின் மறுகரையில் நான் டைப்ரைட்டிங் கற்கப் போன தெருவின் பெயரை எழுதினேன். அந்தத் தெருவில் வீடுகள் இருபத்திரண்டோடு முடிகின்றன என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டுக்குள் ஏதாவது எழுதினால் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்களே, அவர்களுக்குத் தொல்லையாகுமே என்று யோசித்து முப்பத்தொன்று என்று எழுதினேன். பொய் சொல்வதிலும் நான் ஒழுங்காக இருந்தேன்.

"இதுதானே அட்ரஸ்? வரலேன்னா லெட்டர் போடுவோம்" என்று அவர் கேட்டார். தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து ஒரு கிராஃப் தாளில் அட்டவணை போட்டேன். குறுக்கே முப்பத்தொரு கட்டம், நெடுக்கே எட்டு வரிசை, மருந்து சாப்பிட வேண்டிய எட்டு மாதத்துக்கு. காலையில் மாத்திரை விழுங்கியதும் அப்பா அன்றைய கட்டத்தில் டிக் போட வேண்டும். அதைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். யாராவது வந்தால் கதவைத் திறந்து சுவரோடு சாய்த்துவிடலாம், தாள் தெரியாது.

இரண்டு மாதத்தில் அப்பாவுக்கு இருமல் நின்றது. சாதம் மறுமுறை கேட்டார். சட்டைக் காலர் மறுபடி கழுத்தோடு ஒட்டியது. மாதா மாதம் மாத்திரை வாங்க நான் கூட வருவதாகச் சொன்னதற்கு, "உனக்கு எதுக்கு லீவு, நான் ஆபீஸ் போற வழியில இறங்கி வாங்கிக்கறேன்" என்றார். அட்டவணையில் டிக்குகள் நேர்வரிசையாக ஏறிக்கொண்டு போயின.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஐரோப்பாவின் வேலை வந்தது.

பல நாடுகளின் பழைய சுகாதாரப் படிவங்களை, ஏதோ ஓர் ஆய்வுக்காக, கணினியில் ஏற்றித் தர வேண்டும். பெயரும் தெருவும் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்ட நகல்கள் பெட்டி பெட்டியாக வந்தன. எந்த மொழியும் எங்களுக்குத் தெரியாது. எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்று விளக்கும் தடித்த கையேடு ஒன்று கொடுத்தார்கள், நாட்டுக்கு ஓர் அத்தியாயம். மற்றவர்கள் தேவைப்படும் பக்கத்தை மட்டும் புரட்டினார்கள். நான் மதிய இடைவேளைகளில் முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

இங்கிலாந்துப் படிவத்தில் குடும்ப மருத்துவரின் குறியீட்டுக்கு ஒரு கட்டம் இருந்தது, அது காலியாக இருக்கக் கூடாது. அங்கே ஒவ்வொருவரும் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு டாக்டரின் பட்டியலில் இருப்பார்கள். வீடு மாறினால் அவர்களுடைய காகிதங்களும் புது டாக்டரிடம் போகும். ஜெர்மனியில் டாக்டரின் இடத்தில் காப்பு நிதியின் எண். கட்ட வேண்டியதில் பாதியைச் சம்பளத்திலும் மறுபாதியை முதலாளியிடமும் பிடித்துச் சேர்க்கும் நிதி. அதைப் படித்தபோது அப்பாவின் பழைய அட்டை நினைவுக்கு வந்தது, ஆனால் சம்பளம் கூடியவர்களை அந்த நிதி அப்படி வாசலில் விட்டுவிடவில்லை. பிரான்சில் நோயாளி முதலில் டாக்டருக்குத் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு, பிறகு பெரும்பகுதியைத் திரும்பப் பெறுவார். அதனால் அந்த நாட்டுப் படிவங்களில்தான் கட்டங்கள் மிக அதிகம், எங்களுக்குக் கை வலியும் அதிகம். டென்மார்க்கிலும் சுவீடனிலும் பிறந்ததும் ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள், சாகும்வரை எல்லா அலுவலகத்துக்கும் அதே எண். கிழக்குப் பக்கத்து நாடுகளின் தாள்கள் பழுப்பேறி மெலிந்திருந்தன. நெஞ்சு நோய்க்கென்றே தனி மருந்தகங்கள் வைத்து, நோயாளி வர வேண்டிய நாளையும் வந்த நாளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் வட்ட முத்திரை குத்தியிருந்தார்கள்.

எல்லாம் சொர்க்கம் என்று நான் நினைத்துவிடவில்லை. காத்திருப்புப் பட்டியல் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் சில சமயம் வாரங்கள் அல்ல, மாதங்கள் இருந்தன. ஆனாலும் எந்த நாட்டை எடுத்தாலும் ஒன்று பொதுவாக இருந்தது. நோயாளி வராமல் போனால் அது நோயாளியோடு முடிவதில்லை. வரவில்லை என்பதை ஒருவர் எழுத வேண்டும், ஏன் என்று இன்னொருவர் கண்டுபிடிக்க வேண்டும். காசநோய்ப் படிவங்களின் பின்பக்கத்தில் அந்த வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் யார் யாரைப் பரிசோதித்தாயிற்று என்று தனி வரிசையே இருந்தது. அந்த வரிசையைத் தட்டும்போதெல்லாம் அம்மா, அக்கா, நான் என்று மனதுக்குள் எண்ணுவேன். எங்கள் மூவரில் யாரையும் யாரும் பரிசோதிக்கவில்லை. பரிசோதிக்க வருபவருக்கு நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு படிவத்தை ஒருவர் மட்டும் ஏற்ற மாட்டோம். நான் ஏற்றியதைப் பார்க்காமல் இன்னொருத்தி அதே தாளை மறுபடி ஏற்றுவாள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் கணினி ஒலி எழுப்பும். எனக்கு இணையாக ஏற்றியவள் பம்மலிலிருந்து வந்தவள், வாய் ஓயாதவள்.

"செத்தாக்கூட ஃபார்ம் ஃபில் பண்ணாம விட மாட்டாங்க போலடி அந்த ஊர்ல" என்பாள்.

"செத்ததுக்கும் தனி ஃபார்ம் இருக்கு. அடுத்த பெட்டி."

"நீ ஒருத்திதான்டி அதையும் படிச்சிருப்ப."

சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களுக்கு ஒரு கட்டம் இருந்தது. காரணத்தை எண்ணாகப் போட வேண்டும். ஊர் மாறினார், இறந்தார், மறுத்தார், கொடுத்த முகவரியில் இல்லை. ஒரு நாள் ஒரே பெரிய நகரத்தின் கட்டு வந்தது. கடைசிக் காரணமே தாளுக்குத் தாள் வந்துகொண்டிருந்தது. கையேட்டைப் புரட்டினேன். வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் வசிக்கும் பகுதி அது, நோய் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து பலர் சரியான முகவரி தருவதில்லை என்று ஒரு குறிப்பு இருந்தது.

பம்மல்காரிக்கும் அலுத்துவிட்டது. "எல்லாத்தையும் ஃப்ரீயா குடுக்கறான். வீட்டுக்கே வந்து பாக்கறான். அப்பவும் அட்ரஸ மாத்திக் குடுக்குதுங்க பாரு. புத்தியே இல்லாத ஜென்மங்க."

அன்று பிற்பகல் என் பக்கத்தில் வழக்கத்தைவிட அதிகமாக ஒலி எழுந்தது. தவறெல்லாம் என்னுடையது.

அதற்குப் பிறகு சில நாளில், காலையில் பல் தேய்க்கும்போது அப்பா கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். சிமென்ட் தரையில் ரத்தம். அவர் குவளைத் தண்ணீரை ஊற்றிக் கழுவப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல, ஈறு" என்றார்.

அவருடைய அலுவலகப் பையிலிருந்து மருந்தக அட்டையை எடுத்தேன். சமையலறைக் கதவிலிருந்து தாளைக் கிழித்தேன். இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் தாளில் ஆறாவது வரிசைவரை ஒரு கட்டம் விடாமல் டிக் இருந்தது. அட்டையில் மாத்திரை கொடுத்ததற்கான முத்திரை இரண்டே இரண்டு. ஏறக்குறைய நான்கு மாதமாக அவர் காலையில் எழுந்து, பேனாவை எடுத்து, வெறும் வயிற்றில் டிக் மட்டும் போட்டிருக்கிறார்.

"ஏன்பா?"

"உடம்பு நல்லாயிடுச்சேன்னு பாத்தேன்" என்றார். பிறகு மீதியையும் சொன்னார். "ரெண்டாவது மாசம் அங்க வரிசைல நிக்கறப்ப மாப்பிள்ளையோட சித்தப்பாவப் பாத்தேன். ரோட்டுல போய்க்கிட்டிருந்தாரு. என்னைப் பாத்தாரான்னு தெரியல. அதுக்கப்புறம் அங்க போகக் கால் வரல."

அட்டவணையைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை. முன்பின் தெரியாத ஊர்க்காரர்களின் காகிதத்தை இரண்டு பேர் சரிபார்க்கிற இடத்தில் பகல் முழுதும் வேலை செய்துவிட்டு, வீட்டில் ஒரே கை போட்ட குறிகளை நம்பிக்கொண்டிருந்தேன்.

இதற்குள் அக்காவின் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஆறு வாரம் பாக்கி. அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆறே வாரம். அதுவரைக்கும் கடைத்தெரு டாக்டர் கிட்டயே காட்டலாம். தாலி ஏறட்டும். அப்புறம் நீ எந்த ஸ்டேஷனுக்கு வேணும்னாலும் கூட்டிப் போ."

"ஆறு வாரம் தாங்குமாம்மா?"

"நீ டாக்டரா?"

"இல்ல. ஆனா பாதியில விட்டு மறுபடி வந்தவங்க எத்தன பேருக்கு என்ன ஆச்சுன்னு தெனமும் தட்டறேன்."

அப்பா, "அம்மா சொல்றதுதான் சரி" என்றார். பேசி முடித்ததும் மூச்சு வாங்கியது.

அக்கா அதுவரை தன் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "நீ போய் நெஜ அட்ரஸச் சொல்லு" என்றாள் என்னிடம். அம்மா அவள் பக்கம் திரும்பினாள். அக்கா பிடித்த பிடியை விடவில்லை. "அப்பா இப்படி மணவறைல உக்காந்து இருமறத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? போய் சொல்லு."

அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நான் மட்டும் மருந்தகத்துக்குப் போனேன். படிவம் எழுதிய அதே மேசைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், நாற்பது நாற்பத்தைந்து வயது. பேன்ட்டின் வலது காலைச் சைக்கிள் சங்கிலியில் படாமல் இருக்க மடித்துவிட்டிருந்தார். பாதியில் விட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. அட்டையை நீட்டி, அப்பாவின் பெயரைச் சொல்லி, முகவரி தவறு என்றேன்.

அவர் ஓர் இழுப்பறையைத் திறந்து அப்பாவின் காகிதத்தை எடுத்தார். அதில் இரண்டு தபால் அட்டைகள் குத்தியிருந்தன. இரண்டிலும் அப்படி ஓர் எண் இல்லை என்று தபால்காரர் எழுதித் திருப்பியிருந்தார்.

"நீதானா அந்த முப்பத்தொண்ணாம் நம்பர்?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "மூணு தபா போய் வந்தேன்மா. இருவத்திரண்டோட தெரு முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் ஏரிதான் கீது. கரையில நின்னுகினு யோசிச்சேன், முப்பத்தொண்ணுன்னா தண்ணிக்குள்ளல்ல இருக்கணும், மீனுக்கா மாத்திர குடுத்தாங்கன்னு."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் உடனே முகத்தை மாற்றிக்கொண்டார்.

"எழுதினது யாரு? உங்கப்பாவா?"

"நான்தான் சார்."

"படிச்ச பொண்ணு."

"ஆமா சார்."

"படிக்காதவங்க தெருவத் தப்பா சொல்வாங்க, இல்ல ஊரத் தப்பா சொல்வாங்க. கேட்டுகினே போனா புட்ச்சிடலாம். இவ்ளோ நறுக்கா எழுதினா எங்கேந்து புடிக்கறது?" அவர் பேனாவை எடுத்தார். "சொல்லு. இப்போ நெசத்தச் சொல்லு."

சொன்னேன். தெரு, கதவு எண், அடையாளத்துக்குப் பக்கத்தில் மாவு மில். அவர் எழுதிக்கொண்டே, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நான்கு என்றேன். வயது கேட்டார். அக்காவின் வயதைச் சொன்னபோது, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். ஆறு வாரத்தில் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு முகவரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இந்த முற கஷ்டம்மா" என்றார். "பாதியில வுட்டதால மொதல்லேந்து எட்டு மாசம். மொத ரெண்டு மாசம் தெனம் ஊசி. நாளைக்கே கூட்டினு வா. வாரத்துக்கு ஒரு தபா நான் வூட்டுக்கு வருவேன். வர வேணாம்னு சொல்லாத. என் கண்ணு முன்னாடி முழுங்கினாத்தான் நம்புவேன்."

மறுநாள் அப்பாவைக் கூட்டிப்போனோம். எங்கள் மூவருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், மூவருக்கும் ஒன்றுமில்லை. அம்மா தன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். அந்த ஒரு மாதத்துக்கு அப்பா மிகவும் மோசமாக இருந்தார். இரண்டு முறை பயந்தோம். பெரிய டாக்டர், இன்னும் சில வாரம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

குரோம்பேட்டைக்கு அக்காவே கடிதம் எழுதினாள். அப்பாவுக்கு இன்ன நோய், இத்தனை மாதம் மருந்து, எங்களுக்குப் பரிசோதனை ஆகிவிட்டது, விருப்பமிருந்தால் அவர் குணமான பிறகு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று. பதில் வரவில்லை. பத்து நாள் கழித்து, பெண் பார்க்க வந்தபோது அவர்கள் விட்டுப்போன குடை ஒன்றைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அக்கா அதை உறையில் போட்டுக் கொடுத்தாள்.

மருந்தகத்துச் சைக்கிள்காரர் முதல்முறை வீட்டுக்கு வந்த நாள் ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணி, தெருவே வாசலில் இருக்கும் நேரம். மாவு மில்லில் கேட்டிருக்கிறார், பெட்டிக்கடையிலும் கேட்டிருக்கிறார். சைக்கிளை எங்கள் கேட்டில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அப்பா பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தார். வந்தவர் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்து, விழுங்கச் சொல்லி, வாயைத் திறந்து காட்டச் சொன்னார். "இன்னா சார், டிக்கு போடறதுல பெரிய கில்லாடியாமே நீங்க" என்றார். அப்பா வெட்கத்தோடு வாயை மூடிக்கொண்டார். மாத்திரை உள்ளே போயிருந்தது.

அவர் கிளம்பியதும் அம்மா துணி உலர்த்தப் பின்பக்கம் போனாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண்மணி அவர்கள் வீட்டுக் கொடியில் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குத் தெரிந்தது காலனிக்குத் தெரிந்த மாதிரி.

"யாரு வந்துட்டுப் போறது? கடையில உங்க வூட்டக் கேட்டுக்கினு இருந்தாரே."

அம்மா புடவையின் ஒரு முனையை உதறினாள். மறுமுனையைத் தேடி எடுத்தாள். இன்ஷூரன்ஸ் ஆள் என்றோ என் ஆபீஸ் ஆள் என்றோ சொல்வாள் என்று நினைத்தேன். என் மனதில் இரண்டு மூன்று பதில்கள் தயாராகவே இருந்தன.

"டி.பி. ஆஸ்பத்திரிலேந்து" என்றாள் அம்மா. "இவருக்கு. இனிமே வாராவாரம் வருவாரு."

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி கிளிப் ஒன்று கீழே விழுந்தது. அதை எடுத்த பிறகுதான் அவர் பேசினார்.

"பொண்ணு கல்யாணம்?"

அம்மா புடவையைக் கொடியில் விரித்து, சுருக்கம் போக இரண்டு கையாலும் நீவினாள்.

"அவரு மருந்து முடியட்டும்" என்றாள். "மொதல்ல அது."